தோசைக்கல்லில் தொடங்குங்கள்: சென்னை வீட்டில் எளிய மெக்சிகோ சமையல்

மெக்சிகோ சாப்பாடு செய்து பார்க்கலாம் என்று நினைத்ததும் பலரும் போய் நிற்பது சூப்பர் மார்க்கெட்டில் வெளிநாட்டுச் சரக்கு அடுக்கியிருக்கும் இடத்தில்தான். டாக்கோ ஷெல் ஒரு டப்பா, சல்சா ஒரு பாட்டில், மசாலாத் தூள் ஒரு பாக்கெட், நாச்சோஸ் ஒன்று. பில்லும் பெரிதாக வரும், வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சேர்த்தால் பாட்டில் சாஸின் இனிப்புதான் நாக்கில் நிற்கும். இந்தச் செலவு எதுவும் வேண்டாம். மெக்சிகோ வீட்டுச் சமையலின் ருசியில் பெரும்பகுதி ஒரே வேலையில் பிறக்கிறது. தக்காளி, வெங்காயம், பூண்டு, மிளகாய் நான்கையும் எண்ணெய் விடாமல் சூடான கல்லில் கரும்புள்ளி விழச் சுட்டு, அரைத்து, உப்பும் எலுமிச்சையும் சேர்ப்பதுதான் அந்த வேலை. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் 'கோமால்' என்ற தட்டைக் கல் செய்யும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் நம் தோசைக்கல் செய்துவிடும்.

இப்படிச் சுட்டு அரைப்பதுதான் சல்சா, அதனால் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். அது கைக்கு வந்தபின் ராஜ்மா, ரொட்டி, அப்புறம் அவற்றைச் சேர்த்து டாக்கோ (உள்ளே கறி வைத்து மடித்த சின்ன ரொட்டி), கேசடியா (சீஸ் வைத்து மடித்துச் சுட்ட ரொட்டி) என்று போகலாம். சல்சா சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் சாப்பாடு ருசியாகவே இருக்கும்.

கடைக்குப் போகும் முன்

மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், ராஜ்மா, கொய்யா, பப்பாளி, சப்போட்டா எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. 1498க்குப் பிறகு போர்ச்சுகீசியர் வழியாக மிளகாய் இங்கே வந்தது. 1519இல் ஸ்பானியர் மெக்சிகோவுக்குப் படையெடுத்து வந்தபின் பூண்டு, கொத்தமல்லி, சீரகம், எலுமிச்சை, அரிசி, கோதுமை எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. இப்படிக் கொடுத்து வாங்கிக்கொண்டதால்தான் கோயம்பேட்டிலோ மயிலாப்பூர் தண்ணீர்த்துறை மார்க்கெட்டிலோ ஒரு சுற்று வந்தாலே முக்கால்வாசிப் பொருள் பைக்குள் வந்துவிடுகிறது. அவர்கள் டாக்கோவின் மேல் பிழிகிற சின்ன எலுமிச்சையும் நம் மெல்லிய தோல் எலுமிச்சையும் ஒரே இனம்.

சில பொருள்களில் மட்டும் கவனம் வேண்டும்.

மிளகாயைப் பொறுத்தவரை, ஹாலபெனோ என்ற அவர்களுடைய பச்சை மிளகாய், உறைப்பை அளக்கும் ஸ்கோவில் அளவில் 2,500 முதல் 8,000 வரைதான். நம் மெல்லிய பச்சை மிளகாய் அதைவிட நன்றாகவே உறைக்கும். ஆகவே குறிப்பில் நான்கு ஹாலபெனோ என்று இருந்தால் நம் மிளகாய் ஒன்றோ இரண்டோ போதும். மிளகாயின் சதையும் வாசனையும் வேண்டுமென்றால் பஜ்ஜி மிளகாய் வாங்குங்கள். காய்ந்த மிளகாயில் ராமநாதபுரம் குண்டு மிளகாய் அருமையாகப் பொருந்தும். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நிறத்துக்கு அதோடு இரண்டு காஷ்மீரி மிளகாய் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓரிகானோ என்று பீட்சாவோடு வரும் பொட்டலம் மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடி. மெக்சிகோவில் பயன்படுத்துவது வேறு குடும்பத்துச் செடி. பொட்டலத்தில் இருப்பதைப் போட்டாலும் குற்றமில்லை. ஆனால் பால்கனித் தொட்டியில் கற்பூரவல்லி இருந்தால் அதையே எடுங்கள். ஓரிகானோவுக்கு வாசனை தரும் கார்வக்ரால் என்ற பொருள் அதிலும் இருக்கிறது, கரீபியன் தீவுகளில் அதையே ஓரிகானோவாகப் போட்டுச் சமைக்கிறார்கள். வாசனை தூக்கலானது, ஒரு பாத்திரம் ராஜ்மாவுக்குச் சின்ன இலை ஒன்று போதும்.

மாவு வாங்கும்போது நன்றாகப் பார்த்து வாங்குங்கள். 'சோள மாவு' என்று கேட்டால் சில கடைகளில் வெள்ளை வெளேரென்ற கார்ன்ஃப்ளோரைத் தருவார்கள், சில கடைகளில் வெள்ளைச் சோள மாவைத் தருவார்கள். நமக்கு வேண்டியது மஞ்சள் நிற மக்காச்சோள மாவு. வட இந்தியர்கள் மக்கி ரொட்டி சுடுவது அதில்தான் என்பதால் சௌகார்பேட்டைக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும். ராஜ்மாவும் அங்கேயே வாங்கலாம். உடம்பெல்லாம் புள்ளி போட்ட சித்ரா ராஜ்மா, மெக்சிகோவின் பின்டோ பீன்ஸுக்கு மிக நெருக்கம்.

சீஸுக்கு அலைய வேண்டாம். அவர்கள் டாக்கோ மேல் உதிர்த்துப் போடும் வெள்ளைப் பாலாடைக்கட்டிக்கு, வீட்டில் பாலைத் திரித்துப் பிழிந்த பனீரை உப்புப் போட்டு உதிர்த்தால் போதும். உருக வேண்டிய இடத்துக்கு மட்டும் மொசரெல்லா.

இனி வேண்டாதவை. கடுகு தாளிக்க வேண்டாம். கறிவேப்பிலை, மஞ்சள்தூள், பெருங்காயம், இஞ்சி, கரம் மசாலா எதுவும் வேண்டாம். பழக்கத்தில் கை அஞ்சறைப்பெட்டிக்குப் போகும், கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு துளி மஞ்சள்தூளும் கறிவேப்பிலையும் விழுந்தால் சல்சா தக்காளித் தொக்காகிவிடும். தொக்கு நல்லதுதான், ஆனால் நாம் இன்று தேடுவது அந்த ருசியை அல்ல.

சுட்ட தக்காளி சல்சா

நான்கு பேருக்கு: பெங்களூர் தக்காளி 4, வெங்காயம் பாதி (அல்லது சின்ன வெங்காயம் 6), தோல் உரிக்காத பூண்டு 3 பல், பச்சை மிளகாய் 2, கல்லுப்பு முக்கால் டீஸ்பூன், எலுமிச்சை அரை மூடி, கொத்தமல்லி ஒரு கைப்பிடி காம்போடு. நாட்டுத் தக்காளியும் போடலாம், ஆனால் அது சுடும்போது நிறையத் தண்ணீர் விடும், சல்சா நீர்த்துப்போகும்.

எதில் சுடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தினமும் தோசை வார்க்கும் இரும்புக் கல்லில் தக்காளியைச் சுட்டால் அதன் புளிப்பு கல்லின் எண்ணெய்ப் பதத்தை அரித்துவிடும், மறுநாள் தோசை பிய்ந்து வரும். அதனால் பழைய சப்பாத்திக் கல் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். அது இல்லையென்றால் வெங்காயம், பூண்டு, மிளகாயைத் தோசைக்கல்லிலும், தக்காளியை மட்டும் ஃபுல்கா சுடும் கம்பி வலையில் வைத்து நேரடித் தீயிலும் சுடுங்கள். நான்ஸ்டிக் வேண்டாம். எண்ணெய் இல்லாமல் இவ்வளவு சூட்டில் காய்வது அந்தப் பூச்சுக்கு ஆகாது.

1. பச்சை மிளகாயைக் கத்தியால் ஒரு கீறு கீறுங்கள். கீறாத மிளகாய் சூட்டில் வெடித்து விதையோடு முகத்தில் தெறிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெடி வரும்.

2. கல்லை நடுத்தரத் தீயில் நன்றாகக் காய வைத்து, தக்காளியை முழுதாகவும் வெங்காயத்தை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படியும் வையுங்கள். பூண்டு, மிளகாயை ஓரத்தில் போடுங்கள்.

3. சும்மா சும்மா புரட்டாதீர்கள். ஒரு பக்கம் கருத்தபின்தான் அடுத்த பக்கம். மிளகாய் 4 நிமிடத்தில் ஆகிவிடும். பூண்டு 7 அல்லது 8 நிமிடத்தில் தோல் கருகி உள்ளே மெத்தென்று ஆகும். தக்காளிக்கு 12 நிமிடம் வரை பிடிக்கும். தோல் வெடித்து, இங்கும் அங்கும் கரி பிடித்து, இடுக்கியால் தொட்டால் தொய்ந்துபோக வேண்டும்.

4. தட்டில் எடுத்து ஆற விடுங்கள். பூண்டை மட்டும் உரியுங்கள். தக்காளித் தோலில் மொத்தையாகக் கரியாக இருப்பதை எடுத்துவிட்டு, சின்னச் சின்னக் கரும்புள்ளியை விட்டுவிடுங்கள். அந்தப் புள்ளியில்தான் ருசி இருக்கிறது.

5. மிக்ஸியின் சின்ன ஜாரில் பூண்டு, மிளகாய், உப்பு மூன்றையும் முதலில் அரையுங்கள். அப்புறம் தக்காளியையும் வெங்காயத்தையும் போட்டு பல்ஸில் இரண்டு தட்டு. சட்னி மாதிரி மையாக அரைபடக் கூடாது, துண்டு துண்டாகத் தெரிய வேண்டும். அம்மி இருக்கிற வீடு என்றால் யோசிக்காமல் அம்மியில் நசுக்குங்கள். அங்கேயும் எரிமலைக் கல்லில் செய்த மூன்று கால் உரலில்தான் நசுக்குகிறார்கள்.

6. முழுக்க ஆறியபின் எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லியைப் பொடியாக அரிந்து சேருங்கள். ருசி பாருங்கள். ஏதோ குறைகிறது என்று தோன்றினால் பெரும்பாலும் அது உப்பாகத்தான் இருக்கும்.

சென்னை வெயிலில் இதை வெளியே வைத்தால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் நன்றாக இருக்கும்.

இதே முறையில் இன்னும் இரண்டு சல்சா செய்யலாம். பச்சைப் புளிப்பு வேண்டுமென்றால் பழுக்காத தக்காளிக்காயையும் ஒரு பஜ்ஜி மிளகாயையும் சுட்டு அரையுங்கள். மெக்சிகோவில் இதற்குப் போடுவது தோல் உறைக்குள் இருக்கும் தொமாத்தியோ என்ற காய். நம் ஊர் வேலியோரத்துச் சொடக்குத் தக்காளிக்கு அது நெருங்கிய உறவு. தக்காளிக்காய் அந்தப் புளிப்பை ஓரளவு கொடுக்கும். ஆழ்ந்த சிவப்பு வேண்டுமென்றால் குண்டு மிளகாய் 3, காஷ்மீரி 2 எடுத்து விதையைத் தட்டிவிட்டு, கல்லில் பக்கத்துக்குப் பத்து விநாடி மட்டும் அழுத்தி எடுங்கள். நிறம் மாறி வாசனை வந்த உடனே எடுத்துவிட வேண்டும், கருகினால் கசப்பு போகவே போகாது. வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, சுட்ட தக்காளி, பூண்டோடு அரையுங்கள்.

ராஜ்மா, கொஞ்சம் பொறுமையோடு

ஒரு கப் ராஜ்மாவை முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள், 8 மணி நேரம் வேண்டும். வேகாத ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, மூடாமல் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வையுங்கள். நுரையை எடுத்துவிட்டு அரை வெங்காயம், இரண்டு பல் பூண்டு, கற்பூரவல்லி இலை ஒன்று போட்டு குக்கரை மூடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம் விடுங்கள். ஒரு பருப்பை இரண்டு விரலால் அழுத்தினால் மாவாக வேண்டும், இல்லையென்றால் இன்னொரு முறை வையுங்கள். உப்பை வெந்தபின் போடுங்கள். குறைந்த சூட்டிலேயே மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தில் ராஜ்மாவை நேரடியாகப் போடாதீர்கள், அந்தச் சூடு நச்சை அழிக்காது.

வெந்த ராஜ்மாவை அந்தத் தண்ணீரோடு கிண்ணத்தில் ஊற்றி, சல்சா ஒரு கரண்டி விட்டுச் சாப்பிட்டாலே நிறைவாக இருக்கும். டாக்கோவுக்கு என்றால் மசித்து வதக்க வேண்டும். வாணலியில் கடலை எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன் விட்டு, பொடியாக அரிந்த வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, கால் டீஸ்பூன் சீரகத்தூள் தூவி, ராஜ்மாவைக் கொஞ்சம் வேகவைத்த தண்ணீரோடு சேருங்கள். பருப்பு மத்தால் மசித்துக்கொண்டே கிளறுங்கள். கரண்டியால் வாணலியின் நடுவில் கோடு இழுத்தால் அந்தக் கோடு ஒரு விநாடி நின்று அப்புறம் மூட வேண்டும், அதுதான் பதம். ஆறினால் இன்னும் கெட்டியாகும் என்பதால் சற்றுத் தளரவே இறக்குங்கள். அங்கே இதற்குப் பன்றிக் கொழுப்பு விடுவார்கள். நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், அதன் வாசனை எல்லாவற்றையும் மூடிவிடும்.

ராஜ்மா ஒத்துக்கொள்ளாத வீட்டில் காராமணியை இதே போல் செய்யலாம். ருசி வேறு, ஆனால் நன்றாகவே இருக்கும்.

ரொட்டி: இரண்டு வழி

டார்ட்டியா என்பது மெக்சிகோவின் மெல்லிய ரொட்டி. அதில் கோதுமை டார்ட்டியா வடபகுதிப் பழக்கம். சப்பாத்தி போடத் தெரிந்தவருக்கு இது ஒன்றும் பெரிய வேலையில்லை. மைதா ஒரு கப், கோதுமை மாவு ஒரு கப், உப்பு முக்கால் டீஸ்பூன் கலந்து, வாசனையில்லாத எண்ணெய் அல்லது வெண்ணெய் 3 டேபிள்ஸ்பூன் விட்டு, மாவு உதிரி உதிரியாகும்வரை விரல் நுனியால் பிசறுங்கள். அப்புறம் நல்ல சூடான தண்ணீர் முக்கால் கப் அளவில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். எலுமிச்சை அளவு உருண்டை எடுத்து, சப்பாத்தியைவிட மெல்லியதாகத் தேயுங்கள். கல் புகையும் சூட்டில் இருக்க வேண்டும், பக்கத்துக்கு 40 விநாடி, எண்ணெய் கூடாது. சூடு குறைவாக இருந்து நேரம் கூடினால் அப்பளம் போல விறைத்துவிடும். சுட்ட கையோடு ஒன்றன்மேல் ஒன்றாகத் துணியில் சுற்றி ஹாட்பாக்ஸில் வையுங்கள். அந்த ஆவியில்தான் அவை மடித்தால் உடையாத மென்மைக்கு வருகின்றன.

மக்காச்சோள டார்ட்டியாதான் மெக்சிகோவின் உயிர்நாடி. இங்கே ஒரு சிக்கல் உண்டு. கடையில் வாங்கும் மக்காச்சோள மாவைப் பிசைந்து தட்டினால் ஓரமெல்லாம் வெடிக்கும், மடித்தால் இரண்டாகும். கையில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். மெக்சிகோவில் காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தோடு அரைக்கிறார்கள். சுண்ணாம்புதான் அந்த மாவுக்கு ஒட்டும் தன்மையைக் கொடுக்கிறது. சோளத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினும் அதனால்தான் உடம்பில் சேர்கிறது. சோளத்தை மட்டும் கொண்டுபோய் இந்த முறையை விட்டுவிட்ட ஐரோப்பாவில், சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடையே, அந்த வைட்டமின் குறைவால் வரும் பெலாக்ரா என்ற நோய் பரவியது. பல நூறு ஆண்டுகளாக ஒரு சமையலறைப் பழக்கம் ஒரு மக்கள் கூட்டத்தின் உடல்நலத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு அந்தச் சமையலறைகளின் பெண்கள்மேல் பெரிய மரியாதை வருகிறது. 2010இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இந்தச் சோள மரபும் அதில் முக்கிய இடம் பெற்றது.

புதியவர்கள் இப்படிச் செய்யுங்கள். மக்காச்சோள மாவு ஒரு கப், கோதுமை மாவு கால் கப், உப்பு அரை டீஸ்பூன். கொழுக்கட்டை மாவு கிளறுவது போலக் கொதிக்கும் தண்ணீர் விட்டுக் கரண்டியால் கிளறி, 10 நிமிடம் மூடி, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். கோதுமை மாவு பிடிப்புக்காக. நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிய உருண்டையை, தட்டை தட்டுவதற்கு வைத்திருக்கும் பால் கவர் இரண்டுக்கு நடுவில் வைத்து, தட்டையான கனத்த பாத்திரத்தால் அழுத்துங்கள். ஓரம் வெடித்தால் மாவில் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம், கையை நனைத்துப் பிசைந்தால் சரியாகிவிடும். கவரை மெதுவாக உரித்துக் கல்லில் போடுங்கள்.

ஆர்வம் மிகுந்தவர்கள் அசல் முறையையும் வீட்டில் செய்யலாம், டேபிள்டாப் வெட் கிரைண்டர் இருப்பதால் நமக்கு அது எட்டாத வேலை அல்ல. அரை கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்கு, வாசனை சேர்க்காத வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு டீஸ்பூன் குவியலாக, ஒன்றரை லிட்டர் தண்ணீர். எவர்சில்வர் பாத்திரத்தில் 40 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, மூடி இரவு முழுக்க வையுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, சுண்ணாம்பு அதை அரிக்கும். காலையில் தோல் வழுவழுவென்று கழன்று வரும். மூன்று நான்கு தண்ணீர் விட்டுக் கழுவி, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரையுங்கள். கிரைண்டரில் கொஞ்சம் தளர்வாகத்தான் வரும், மக்காச்சோள மாவு தூவிக் கெட்டியாக்கிக்கொள்ளலாம். மக்காச்சோளத்தை மளிகைக் கடையில் வாங்குங்கள். விதைக்கடையில் விற்பதில் மருந்து கலந்திருக்கும், அது சாப்பாட்டுக்கு ஆகாது.

டாக்கோ

டாக்கோ என்றால் மொறுமொறுப்பாக வளைந்த ஓடு என்று பலர் நினைத்திருப்பது டெக்ஸ்-மெக்ஸ் என்ற, அமெரிக்காவில் மாறிப்போன மெக்சிகோ சமையல் வழக்கத்தால். மெக்சிகோவில் பெரும்பாலும் மெத்தென்ற சின்ன ரொட்டியில், கைக்கு அடங்குகிற அளவில்தான் சாப்பிடுகிறார்கள். ரொட்டி, நடுவில் ஒரு கறி, மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும், சல்சா, எலுமிச்சை. அவ்வளவுதான். அள்ளி அடைக்காதீர்கள். இரண்டு கடியில் முடிகிற டாக்கோதான் நல்ல டாக்கோ.

சைவத்துக்கு நான் முதலில் சொல்வது பஜ்ஜி மிளகாயும் க்ரீமும். ஆறு பஜ்ஜி மிளகாயை நேரடித் தீயில் தோல் முழுக்கக் கருகச் சுட்டு, கிண்ணத்தில் போட்டு 10 நிமிடம் மூடுங்கள். தோலைக் கையால் உருவி, விதை நீக்கி, நீள நீளமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். குழாயில் கழுவாதீர்கள், சுட்ட வாசனை ஓடிவிடும். நீளவாக்கில் அரிந்த வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, மிளகாயையும் ஒரு கைப்பிடி சோள முத்தையும் போட்டு, ஃப்ரெஷ் க்ரீம் அரை கப் விட்டு ஒரு கொதி. மெக்சிகோவில் பொப்லானோ என்ற பெரிய மிளகாயில் இதைச் செய்து ராஹாஸ் என்பார்கள். பஜ்ஜி மிளகாயில் இது அவ்வளவு அழகாக வருகிறது.

கோழிக்கு, எலும்பில்லாத தொடைக்கறி அரை கிலோ. ஊறிய குண்டு மிளகாய் 4, காஷ்மீரி 2, பூண்டு 4 பல், வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன், அன்னாசி இரண்டு துண்டு, உப்பு சேர்த்து அரைத்து, கறியில் பூசி ஒரு மணி நேரம் வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம், அன்னாசி கறியைக் குழைய வைத்துவிடும். கல்லில் பரப்பிச் சுட்டு, பொடியாகக் கொத்தி, தனியாகச் சுட்ட அன்னாசித் துண்டோடு வையுங்கள். இது அல் பாஸ்தோர் என்ற டாக்கோவின் எளிய வடிவம். லெபனானிலிருந்து மெக்சிகோவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுபோன ஷவர்மாவின் வழியில் வந்தது அது. சென்னையில் தெருவுக்குத் தெரு ஷவர்மாக் கம்பி சுழல்கிற இந்த நாளில், இந்த ருசி நம் பிள்ளைகளுக்குப் புதிதாகவே இருக்காது.

மீன் டாக்கோ பாஹா கலிபோர்னியா கடற்கரையின் பண்டம். காசிமேட்டிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ கொடுவா வாங்கி, முள்ளில்லாமல் விரல் நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். மைதாவில் கொஞ்சம் அரிசி மாவும் உப்பும் சேர்த்து, குளிர்ந்த சோடாவில் கரைத்துத் தோய்த்துப் பொரியுங்கள். மெல்லியதாக அரிந்த முட்டைகோஸும், உப்பும் எலுமிச்சையும் கலந்த கெட்டித் தயிரும் மேலே போட்டு உடனே சாப்பிட வேண்டும்.

கேசடியா, பூசணிப்பூவோடு

பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு 5 நிமிடத்தில் செய்து கொடுக்க இதைவிடச் சுலபமானது இல்லை. மிஞ்சிய சப்பாத்தியே போதும். ஒரு பாதியில் துருவிய மொசரெல்லாவும் மசித்த ராஜ்மாவும் பரப்பி மடித்து, சிறு தீயில் இரு பக்கமும் சுடுங்கள். தீ பெரிதாக இருந்தால் வெளியே கருகும், உள்ளே சீஸ் உருகியிருக்காது.

மெக்சிகோவில் கேசடியாவுக்குள் பூசணிப்பூ வைப்பது பழைய வழக்கம். மார்கழியில் மயிலாப்பூர் மாட வீதிகளில் கோலத்துக்கென்று வரும் பூசணிப்பூவில் கொஞ்சம் சமையலுக்கும் வாங்கிப் பாருங்கள். பூவுக்குள் பூச்சி இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்து, காம்பையும் நடுத்தண்டையும் கிள்ளிவிட்டு அலசுங்கள். வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயோடு ஒரு நிமிடம் வதக்கினால் சுருங்கி ஒரு பிடி ஆகிவிடும். அதைச் சீஸோடு சேர்த்து மடியுங்கள். இளங்கசப்போடு கீரை மாதிரியும் இல்லாமல் காய் மாதிரியும் இல்லாமல் ஒரு தனி ருசி. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்து பார்க்க முடியும் என்றால், மார்கழியாக இருந்தால், இதைச் செய்யுங்கள்.

அவகாடோ, சோளம், சாதம்

பட்டர் ஃப்ரூட் என்று கொடைக்கானல், ஏற்காடு பக்கமிருந்து வருவது பெரிதாக, பச்சையாக, விலை மலிவாக இருக்கும், ஆனால் கொழுப்பு குறைந்து நீர் அதிகமாக இருக்கும். கறுத்த சொரசொரப்புத் தோல் உள்ள ஹாஸ் வகை கெட்டியானது, விலையும் அதிகம். இந்த மலை அவகாடோவில் குவாக்கமோலே என்ற மசியல் செய்தால் மிக்ஸி பக்கம் போகாதீர்கள். சின்னத் துண்டாக வெட்டி, உப்பு, பொடி வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை சேர்த்து முள்கரண்டியால் லேசாக மசித்தால் போதும். காயாக இருந்தால் அரிசிப் பானையில் புதைத்து வையுங்கள், பழுத்துவிடும்.

மெரினாவில் தணலில் சுட்டு எலுமிச்சை, உப்பு, மிளகாய்த்தூள் தேய்த்துத் தரும் சோளத்தை மெக்சிகோத் தெருக்களிலும் தருகிறார்கள், கூடவே மயோனைஸும் உதிர்த்த சீஸும். வீட்டில் சோள முத்துகளை வெண்ணெயில் கரும்புள்ளி விழ வதக்கி, தண்ணீர் வடித்த தயிர், உப்புப் பனீர், மிளகாய்த்தூள், எலுமிச்சை கலந்து கிண்ணத்தில் கொடுக்கலாம். மயோனைஸ் போடுவதென்றால் முட்டையில்லாதது எடுங்கள். பச்சை முட்டையில் செய்வது எளிதில் கெட்டுவிடும் என்பதால்தான் தமிழக அரசு 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டுத் தடை விதித்தது.

சிவப்புச் சாதம் வேண்டுமென்றால் பொன்னிப் பச்சரிசி ஒரு கப் கழுவி நன்றாக வடித்து, 2 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் இளம் பொன்னிறம் வரும்வரை வறுங்கள். தக்காளி 2, கால் வெங்காயம், பூண்டு ஒரு பல் அரைத்து ஊற்றி, அது வற்றியபின் ஒன்றே முக்கால் கப் வெந்நீர், உப்பு, பச்சைப் பட்டாணி. சிறு தீயில் மூடி 15 நிமிடம், அணைத்து 10 நிமிடம். பட்டை, கிராம்பு போடாதீர்கள்.

முதல் ஞாயிறுக்கு

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் போக வேண்டாம். சனி இரவு ராஜ்மா ஊறட்டும். ஞாயிறு காலை டிபன் முடிந்த கையோடு ராஜ்மாவைக் குக்கரில் வைத்துவிட்டு, பக்கத்து அடுப்பில் சல்சாவுக்குச் சுடுங்கள். பதினோரு மணிக்கு மாவு பிசைந்து மூடுங்கள். பஜ்ஜி மிளகாயோ கோழியோ ஏதாவது ஒன்று மட்டும். ரொட்டியைச் சாப்பிட உட்காரும் நேரத்தில் ஒருவர் தேய்க்க ஒருவர் சுட்டால் சூடாக வரும். எல்லாவற்றையும் கிண்ணங்களில் நடுவில் வைத்து, அவரவர் தட்டில் அவரவரே மடித்துக்கொள்ளட்டும்.

மிஞ்சிய ராஜ்மாவைச் சின்ன டப்பாக்களில் போட்டு ஃப்ரீஸரில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். மிஞ்சிய ரொட்டியை முக்கோணமாக வெட்டிப் பொரித்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் அரை மணி நேரத்தில் நமுத்துவிடும். திங்கள் காலையில் மிஞ்சிய சல்சாவை வாணலியில் கொதிக்கவிட்டு, பொரித்த துண்டுகளைப் போட்டு ஒரு புரட்டு, மேலே ஒரு ஆஃப்பாயில், கொஞ்சம் பச்சை வெங்காயம். சிலாக்கிலேஸ் என்று மெக்சிகோவில் காலைச் சாப்பாட்டுக்குச் செய்வது இதுதான். துண்டுகள் பாதி ஊறி, பாதி மொறுமொறுப்பாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும்.